சம நேரமா, தகுந்த எடையா, மௌனமா? பரிணாமத்தைப் பொது வானொலி எப்படிப் பேச வேண்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செந்தூலில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. படிவம் மூன்றில் படிக்கும் அக்கா மகள் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "மாமா, மனுசன் குரங்கிலிருந்தா வந்தான்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பதில்கள் வந்துவிட்டன. அக்கா பதினைந்து வருடமாகத் தேவாலயத்துக்குப் போகிறவர். "ஆண்டவர் மண்ணால உருவாக்கினார்மா" என்றார். அம்மா தசாவதாரத்தை எடுத்தார். முதலில் மீன், அப்புறம் ஆமை, அப்புறம் பன்றி, பிறகு பாதி மிருகம் பாதி மனிதன். "நம்ம பெரியவங்க அப்பவே சொல்லிட்டாங்க." அத்தான், "சாப்பிடுற நேரத்துல இது எதுக்கு, விடுங்க" என்று அப்பளத்தை நகர்த்தி வைத்தார்.

பொது ஒலிபரப்பு நிலையங்களும் இந்தக் கேள்வியை இப்படித்தான் கையாள்கின்றன. சில நிலையங்கள் எல்லாரையும் பேச விடுகின்றன, சில பேச்சையே மாற்றிவிடுகின்றன. மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு நிலையத்துக்கு நான்கு வழிகள் தெரிகின்றன, எதில் போகலாம் என்பதைக் கோலாலம்பூரில் இருக்கும் ஒரு தமிழ் நேயராக எடை போட்டுப் பார்க்கிறேன்.

முதல் வழி, இரு தரப்புக்கும் சம நேரம். கேட்டவுடன் நியாயமாகத் தெரிவது இதுதான். ஒரு உயிரியலாளரை ஒரு பக்கமும், உயிர்களைக் கடவுள் நேரடியாகப் படைத்தார், பரிணாமம் நடக்கவில்லை என்று வாதிடும் படைப்புவாதி ஒருவரை மறுபக்கமும் உட்கார வைத்து, நடுவில் அறிவிப்பாளர் அமர்ந்தால் யாரும் குறை சொல்ல முடியாது என்று தோன்றும். அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தார்கள். ஆர்கன்சா மாநிலமும் லூசியானா மாநிலமும் 1981-இல் பள்ளிகளில் பரிணாமத்துக்கும் 'படைப்பு அறிவியலுக்கும்' சரிசமமான இடம் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன. முதலாவதை 1982-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி ரத்து செய்தார், இரண்டாவதை 1987-இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. அறிவியல் என்ற பெயரில் வந்தது சமயப் போதனைதான் என்று நீதிமன்றங்கள் கண்டன.

வானொலிக்கும் இந்தச் சண்டைக்கும் பழைய உறவு உண்டு. 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமம் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது நடந்த வழக்கைச் சிக்காகோவின் டபிள்யூஜிஎன் வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. அமெரிக்காவில் நேரடியாக ஒலிபரப்பான முதல் வழக்கு அது. இன்னொன்று என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். வானொலிப் பெட்டிக்கு உயிர் கொடுத்த வெற்றிடக் குழாயை 1904-இல் கண்டுபிடித்த சர் ஆம்புரோஸ் ஃபிளெமிங், பிரிட்டனில் 1932-இல் தொடங்கிய பரிணாம எதிர்ப்பு இயக்கத்தின் முதல் தலைவர். படைப்பை நம்புகிறவர்களுக்கு அறிவியல் தெரியாது என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, சம நேரம் எங்கே உடைகிறது? கடிகாரத்தில் உடைகிறது. "கண் எப்படித் தானாக உருவாகும்?" என்று கேட்கப் பத்து வினாடி போதும். பதிலுக்கு மூன்று நிமிடமாவது வேண்டும். பாறையில் ஒட்டி வாழும் சில நத்தைகளுக்கு இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு குழி மட்டும். நாட்டிலஸுக்கு ஊசித்துளை போட்ட கண், உள்ளே லென்ஸ் கிடையாது. ஆக்டோபஸுக்கு லென்ஸோடு முழுக் கண். மூன்றும் ஒரே பெரிய மெல்லுடலிக் குடும்பம், மூன்றும் இன்று உயிரோடு இருக்கின்றன. கண்ணுக்கு இடைப்பட்ட நிலைகள் இருக்க முடியும், அந்த நிலையிலேயே அது பயன்படவும் முடியும் என்று காட்ட இவ்வளவு சொல்ல வேண்டும். அதற்குள் விளம்பரம் வந்துவிடும், நேயர் மனதில் கேள்வி மட்டும் தங்கிவிடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சமமாக யாரோடு யாரை வைப்பது? அமெரிக்காவில் இரு தரப்பு என்றால் டார்வினும் விவிலியத்தின் ஆதியாகமமும். இங்கே இஸ்லாமிய விளக்கம் உண்டு, கிறிஸ்தவ விளக்கம் உண்டு, சைவத்தில் ஒன்று, வைணவத்தில் ஒன்று, சீனர்களிடம் வேறு, பூர்வகுடி மக்களிடம் வேறு. இரண்டு நாற்காலி போட்டாலே நான்கைந்து சமூகங்களை வெளியே நிறுத்திவிட்டோம் என்று ஆகும்.

இரண்டாவது வழி, சான்றுக்குத் தக்க எடை. இதை நன்றாக விளக்கியது பிபிசி. தன் அறிவியல் நிகழ்ச்சிகளின் நடுநிலையைப் பரிசோதிக்கச் சொல்லி, அதைக் கண்காணித்த பிபிசி டிரஸ்ட், மரபணுவியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸைக் கேட்டுக்கொண்டது. நத்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்து பெயர் எடுத்தவர் அவர். 2011-இல் வந்த அறிக்கையில் ஒரு காட்சியை எழுதினார். கணித அறிஞர் ஒருவர் இரண்டும் இரண்டும் நாலு என்கிறார், மறுதரப்பு ஐந்து என்கிறது, அறிவிப்பாளர் ஏறக்குறைய நாலரை, விவாதம் தொடரும் என்று முடித்து வைக்கிறார். நடுநிலை விதியை இறுக்கிப் பிடித்தால் இப்படித்தான் ஆகும் என்பது அவர் வாதம். பிரிட்டனின் ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஒஃப்காமின் விதியும், தகுந்த நடுநிலை என்றால் ஒவ்வொரு கருத்துக்கும் நேரத்தைச் சமமாகப் பிரிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. 2018-இல் பருவநிலை மாற்றம் பற்றித் தன் செய்தியாளர்களுக்கு எழுதிய குறிப்பில் பிபிசி கால்பந்தையே உதாரணம் காட்டியது. போன சனிக்கிழமை மான்செஸ்டர் யுனைடெட் 2-0 என்று ஜெயித்ததை மறுக்க ஒருவரை யாரும் கூப்பிட மாட்டார்கள், நடுவர் ஊதியாகிவிட்டது. மாமாக் கடை என்னும் இரவு உணவுக்கடையில் விடிய விடிய மேட்ச் பார்க்கிறவர்களுக்கு இதை மேலே விளக்க வேண்டியதில்லை.

இந்த வழியில் சர்ச்சையை மறைக்கவும் தேவையில்லை. பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் 2005-இல், உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு உருவாக்கியது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்பது அறிவியல் இல்லை என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் அதை 2007-இல் நோவா நிகழ்ச்சியில் நீதிமன்றப் பதிவுகளைக் கொண்டு நடித்துக் காட்டியது. வடிவமைப்புத் தரப்பின் முக்கிய சாட்சியான உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி, தன் வரையறைப்படி சோதிடமும் அறிவியலில் அடங்கும் என்று ஒப்புக்கொண்ட இடமும் அந்த வழக்கில்தான். இரு தரப்பும் பேசியது, முடிவும் நேயருக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அறிவிப்பாளருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மாற்றம் நிதானமாக நடந்ததா, சில காலங்களில் வேகம் பிடித்ததா என்பது அறிவியலுக்கு உள்ளே நடக்கும் உண்மையான விவாதம், அதற்குச் சமமான இடம் கொடுத்தே ஆக வேண்டும். பரிணாமம் நடந்ததா என்பது அந்த வகையைச் சேராது. இந்த வித்தியாசம் தெரியாத ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்தால், தொலைபேசியில் வரும் நேயரை மட்டம் தட்டுவதில்தான் போய் முடியும். என் அக்காவை அப்படி ஒருவர் வானொலியில் பேசினால் நான் பொறுக்க மாட்டேன்.

மூன்றாவது, அத்தானின் வழி: விடுங்க. இதன் மோசமான வடிவம் நெதர்லாந்தில் நடந்தது. அங்கே பொது ஒலிபரப்பில் சமய அமைப்புகளுக்கும் இடம் உண்டு. அவற்றில் ஒன்றான எவாங்கலிச ஒம்ரூப், டேவிட் அட்டன்பரோவின் பாலூட்டிகள் பற்றிய பிபிசி தொடரை வாங்கி, பரிணாமம் பற்றிய பகுதிகளை வெட்டிவிட்டு ஒளிபரப்பியது. 2007-இல் உயிரியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு விஷயம் பெரிதானது. சம நேர விவாதத்தில் உயிரியலாளர் குரலாவது கேட்கும். கத்தரி போட்ட இடத்தில், ஏதோ இருந்தது என்பதே பார்க்கிறவருக்குத் தெரியாது. நான்கில் மோசமானது இதுதான் என்பேன்.

நமக்கு இது இன்னும் அதிகமாக வலிக்கும். ஆங்கிலம் சரளமாக வரும் ஒருவருக்கு ஒரு நிலையம் மௌனமானால் இன்னும் நூறு வழிகள் உண்டு. காலையில் சமையலறை அலமாரியில் மலேசிய அரசின் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்-ஐ ஓட விட்டு இட்லி ஊற்றும் என் அம்மாவுக்கு அப்படி இல்லை. தமிழில் அறிவியல் அவர் காதுக்கு வந்தால் வானொலி வழியாகத்தான் வரும். அங்கே ஒரு விஷயம் பேசப்படவில்லை என்றால், அவர் மொழியில் அது இல்லை என்றே ஆகிவிடுகிறது.

நான்காவது, தனித்தனி மேடை. சமயத்துக்கு ஒரு நேரம், அறிவியலுக்கு ஒரு நேரம். இறை நம்பிக்கையைத் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கொள்கையாக 1970-இல் ஏற்றுக்கொண்ட நாட்டில் இது இயல்பாகப் பொருந்தும். ஆனால் சுவரில் ஓட்டை விழும். சமய உரையில் ஒருவர் 'கடவுள் நம்மைப் படைத்தார்' என்றால் அது நம்பிக்கை. 'பூமிக்கு ஆறாயிரம் வயதுதான், கார்பன் கணிப்பு பொய்' என்றால் அவர் அறிவியலின் மேடைக்கு வந்துவிட்டார், அதற்கான பதில் சொல்லப்பட வேண்டும். அம்மாவின் தசாவதாரத்துக்கும் இதே அளவுகோல்தான். பக்தியோடு கேட்க அழகான வரிசை. அறிவியல் நேரத்தில் அதைச் சான்றாக வைத்தால் தவறு, ஏனென்றால் பரிணாமம் பன்றியிலிருந்து மனிதனுக்கு ஏறும் படிக்கட்டு இல்லை, அது கிளைவிட்டுப் பிரியும் மரம்.

என் தேர்வு இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தது. அறிவியல் நேரத்தில் சான்றுக்கு எடை, சமய நேரத்தில் நம்பிக்கைக்கு முழு மரியாதை, இப்போது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பதை அறிவிப்பாளர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

நிகழ்ச்சியை எங்கே தொடங்குவது என்றும் சொல்லிவிடுகிறேன். பத்துமலையில். 272 படி ஏறி முருகனைப் பார்க்கிறோமே, அந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு 40 கோடி ஆண்டு வயது. அதன் இருட்டுக் குகையில் வளையின் வாயில் கதவு வைத்து வாழும் ஒரு சிலந்தி இருக்கிறது, லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ், பெயரிலேயே பத்து. பெரும்பாலான சிலந்திகளின் வயிறு ஒரே பையாக இருக்கும். இதற்கும் இதன் நெருங்கிய உறவுச் சிலந்திகளுக்கும் மட்டும் வயிற்றின் மேல்புறத்தில் தகடு தகடாக அடுக்கு தெரியும். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுப் புதைபடிவச் சிலந்திகளில் காணும் அதே அமைப்பு. அப்புறம் சரவாக் போகலாம். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வருகின்றன என்ற தன் முதல் முக்கியக் கட்டுரையை, டார்வினைப் போலவே தனியாகப் பரிணாமத்தைக் கண்டுணர்ந்த இயற்கையியலாளர் ஆல்பிரட் வாலஸ் 1855-இல் எழுதியது அங்கேதான். அவருக்குக் கூடவே இருந்து பறவைகள் சேகரித்துக் கொடுத்தவர் அலி என்ற சரவாக் இளைஞர். பரிணாமம் எங்கோ வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

அன்று சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது அக்கா மகளிடம் சொன்னேன். இன்றைக்கு இருக்கும் குரங்கிலிருந்து நாம் வரவில்லைம்மா. சிம்பன்சிக்கும் நமக்கும் ஒரே மூதாதை, அறுபது எழுபது லட்சம் ஆண்டுக்கு முன்னால் இரண்டு கிளையும் பிரிந்துவிட்டன. பக்கத்தில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அப்போ ஆத்துமா எப்பத் தம்பி வந்துச்சு?" சிலந்தியைக் காட்டி நான் பதில் சொல்லக் கூடிய கேள்வி இல்லை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமய நிகழ்ச்சியில் அரை மணி நேரம் அதை அவசரப்படாமல் பேசினால், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்பேன்.