பதினைந்து மீட்டர் வயரும் ஒரு பிளாஸ்டிக் கொக்கியும்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மைத்துனர் சென்ற வாரம் தொலைபேசியில், "அத்தான், சோலார் பேனல் வாங்கிட்டேன், வயர் எது வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார். 'மட்டும்' என்று அவர் சொன்ன அந்த வயர்தான் ஒன்றரை ஆண்டுகளாக என் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் இருந்த அனுபவத்துக்குப் பிறகு, 100 வாட் பேனல் இரண்டும் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பவர் ஸ்டேஷனும், அதாவது மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிப் பெட்டியும், வாங்கினேன். இப்போது அவை பெரும்பாலும் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பில்தான் பயன்படுகின்றன. குடிசை தோப்புக்குள் இருக்கிறது. வெயிலோ வயல் வரப்பில்தான் விழுகிறது. ஓர் ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தாலே பேனலின் உற்பத்தி படுத்துவிடும் என்பதால் பேனல்கள் வரப்புக்குப் போயின. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் பேட்டரியை வைக்க முடியாது என்பதால் பெட்டி குடிசையிலேயே தங்கியது. இரண்டுக்கும் நடுவே 15 மீட்டர்.

முதலில் ஆயத்தமாக விற்கும் நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கினேன். மென்மையானது, சுருட்டினால் துண்டு போல மடங்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேனல் முனையிலும் 21 வோல்ட், குடிசை முனையிலும் 21 வோல்ட். திருப்தியுடன் மூன்று வாரம் ஏமாந்திருந்தேன். மின்னோட்டமே இல்லாதபோது எவ்வளவு மெல்லிய கம்பியும் முழு வோல்ட்டேஜைத்தான் காட்டும். சுமை ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். ஒரு நாள் பெட்டியையே வரப்புக்குத் தூக்கிச் சென்று குட்டை வயரில் இணைத்தபோது 160 வாட் வந்தது. சற்று முன் அதே வெயிலில் குடிசையில் வந்தது 110 வாட்தான். மீதி ஐம்பதும் வயரைச் சூடாக்கப் போயிருந்தது. ஆத்திரத்தில் வெட்டிப் பார்த்தேன். இழையின் மேலே செம்பு நிறம்; பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருந்தார்கள். நல்ல சோலார் வயரில் இது தலைகீழாக இருக்கும்: மேலே வெள்ளீயப் பூச்சின் வெண்மை, சுரண்டினால் உள்ளே செம்பு.

பிறகு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு சோலார் வயரைச் சிவப்பில் 15 மீட்டர், கறுப்பில் 15 மீட்டர் வாங்கி நானே செய்தேன். போக வர 30 மீட்டருக்கு ஏறக்குறைய 0.15 ஓம் தடை. பெட்டியில் 148 வாட் வரை வருகிறது. வெயில், சாரல், வரப்புச் சேறு எதற்கும் உறை அசையவில்லை. வயரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. விறைப்பாக இருக்கும், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும், சுருட்டினால் பாம்பு போல நிமிர்ந்து எழும் என்பவையெல்லாம் தடிமனுக்குக் கொடுக்கும் விலை.

என் சண்டை வயரின் முனையில் இருக்கும் எம்.சி.4 இணைப்பியோடுதான்; சோலார் வயர்களை ஒன்றோடொன்று பூட்டும் பிளாஸ்டிக் முனை அது. கூரையில் ஒரு முறை பூட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுவதற்காக அமைந்த பொருள் அது. நானோ காலையில் பூட்டி மாலையில் கழற்றுகிறேன். இரண்டு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை நகத்தால் அமுக்கி அமுக்கி, ஏழு மாதத்தில் ஒன்று ஒடிந்தது. கட்டைவிரல் நகமும் உடன் ஒடிந்தது. மழையில் நனைந்த கையோடு அதைக் கழற்ற முயன்ற மாலைகளில் நான் பேசியவற்றை இங்கே எழுத இயலாது. போன மாதம் இன்னோர் இணைப்பி உருகியது. அதில் பாதித் தவறு என்னுடையது: வயரின் நுனியில் உலோக முனையை இறுக்கிப் பதிக்கும் கிரிம்பிங் கருவியில்லாமல் குறடால் நசுக்கியிருந்தேன், போதாக்குறைக்கு வெவ்வேறு தயாரிப்பாளரின் ஆண், பெண் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்திருந்தேன். வெளியே பார்த்தால் பொருந்தும். உள்ளே தொடுகை தளர்ந்து சூடேறும்.

பழுது பார்த்தபோது ஒழுங்காகக் கருவி வாங்கினேன். பேனல் பக்கத்து எம்.சி.4-ஐ இனிக் கழற்றுவதில்லை என முடிவு செய்து, தினமும் கழற்றும் இடத்தில், கொக்கியில்லாமல் இழுத்தாலே பிரியும் ஆண்டர்சன் வகை பிளக் போட்டேன். கழற்றுமுன் பேனல் மேல் சாக்கைப் போர்த்திவிடுகிறேன்; பேனல் தரும் நேர்மின்னோட்டத்தை (டி.சி.) சுமையோடு பிரித்தால் பொறி தெறித்துத் தொடுமுனை கரியும்.

மைத்துனரின் பெட்டி 60 வோல்ட் வரை ஏற்கும். என்னுடையது 30 வோல்ட்டோடு நின்றுவிடும். எனவே நான் பக்க இணைப்பில் போட்டிருக்கும் இரண்டு பேனலையும் அவர் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக, இணைக்கலாம்; வோல்ட்டேஜ் இரட்டிப்பாகி மின்னோட்டம் பாதியாகும். மின்னோட்டம் பாதியானால் வயரில் வீணாவது கால் பங்காகிவிடும், 2.5 சதுர மில்லிமீட்டரே அவருக்குப் போதும், நிழல் விழாத இடமாக இருந்தால். இதையெல்லாம் அவருக்கு விளக்கிய பிறகு, வயரை நீங்களே செய்யாதீர்கள் என்றும் சொன்னேன். என் வயர் நன்றாக இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அதையே எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். கிரிம்பிங் கருவியை மட்டும் தரமாட்டேன்.