யாழ்ப்பாணத்தில் அறைகள் இருக்கின்றன, பழகிய கைகள் போதவில்லை

இம்முறை சென்னையிலிருந்து பலாலிக்கு நேரே பறந்து ஊர் போய்ச் சேர்ந்தேன். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரிலேயே திரும்பி வந்துவிட்டது. பாதைகள் திறந்து, விடுதிகளும் எழுந்த பின், வந்து இறங்குபவரைக் கவனிக்கப் பழகியவர்களே குறைவாக இருக்கிறார்கள்.

நான் தங்கிய விடுதியில் வரவேற்பு, பெட்டி தூக்குதல், காலைச் சாப்பாடு, அறை துப்புரவு எல்லாவற்றுக்கும் ஒரே பையன்தான். என் முன்பதிவைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் சென்றது. கட்டில் விரிப்பும் மாற்றப்பட்டிருக்கவில்லை. அவன் சோம்பேறியல்லன். உயர்தரப் பரீட்சை முடித்து முதல் மாதம்தான் வேலைக்கு வந்திருந்தான். ஒருவரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. உரிமையாளரிடம் கேட்டபோது, "பழக்கி எடுக்க ஆறு மாதம் வேணும் அண்ணை, பழகினவுடன கட்டார் போயிடுவாங்கள்" என்றார். பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள் என்பதை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

நெடுந்தீவில்தான் மனம் மிகவும் கனத்தது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறி அந்தத் தீவுக்குப் போனோம். எங்களைச் சுற்றிக் காட்டிய சாரதி ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கு மரம், குதிரைகள் என ஒவ்வோர் இடத்திலும் பெயரைச் சொல்லி நிறுத்தியதோடு சரி. தண்ணீர் கேட்டு நின்ற வீட்டில் ஓர் அம்மாவோ, சாந்து பூசாமல் பவளக்கல்லை அடுக்கி வேலி எழுப்பும் விதத்தை, எந்தக் கல் அடியில் எந்தக் கல் மேலே என்பது வரை, கையால் தொட்டுக் காட்டி விளக்கினார். அறிவு ஊரிலேயே இருக்கிறது. அதைத் தொழிலாக்கும் பயிற்சிதான் இல்லை. தேசிய வழிகாட்டிக்கு மட்டுமன்றி, ஒரு பிரதேசத்துக்கோ ஒரே இடத்துக்கோ உரிய வழிகாட்டிக்கும் இலங்கையில் உரிமம் உண்டு. தீவுப் பிள்ளைகள் அதைப் பெறும்படி தமிழிலேயே, தீவுக்குக் கிட்டவே வகுப்பு நடக்க வேண்டும்.

விடுதி வேலையைப் பெற்றோர் இழிவாகப் பார்ப்பதும் உண்மை. வேலை செய்துகொண்டே என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமையின் மூன்றாம், நான்காம் நிலைச் சான்றிதழ் எடுக்கலாம், பற்றுச்சீட்டில் சேர்க்கும் 10 வீதச் சேவைக் கட்டணம் கணக்குக் காட்டி ஊழியருக்குப் பகிரப்படும் என்றால் அந்தப் பார்வை மெல்ல மாறும் என்று நம்புகிறேன். பாரிஸ், லண்டன் உணவகச் சமையலறைகளில் இருபது முப்பது வருடம் நின்ற எம்மவருக்கும் இதில் பங்குண்டு. நான் ரொறன்ரோவில் பதினாறு வருடம் விடுதி அறைகளைப் பராமரித்தவன். புறப்படும் நாளன்று அந்தத் தம்பிக்கு விரிப்பின் மூலையை மடிக்கும் முறையைக் காட்டினேன். இரண்டாம் தடவையே சரியாகச் செய்தான். வருகிற வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு முன் இரண்டு வாரம் வந்து நிற்கிறேன், காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை விடுங்கள் என்று உரிமையாளரிடம் கேட்டேன். பக்கத்து விடுதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.