கொடைக்கானல் பக்கத்துப் பேரிஜம் ஏரிக்கரையில் கேரவனில் ராத்தங்கலாம் என்று விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள்

"கேரவன் குழு சுற்றுலா, பேரிஜம் ஏரிக்கரையில் இரவு, ஜன்னலைத் திறந்தால் காட்டுமாடு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. மதுரையிலிருந்து நாலு குடும்பமாகப் போய் மாட்டிக்கொண்டோம்.

வண்டி வாடகை போக, வனத்துறை அனுமதி என்று தலைக்கு ஐந்நூறு ரூபாய் தனியாகக் கறந்தார் ஏஜென்ட். ரசீதோடு கியூஆர் கோடு போட்ட ஒரு தாளும் அனுப்பினார். பேரிஜம் போகிற வழியில் மோயர் பாயிண்ட் செக்போஸ்ட்டில் வனக்காவலர் அதைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "இது இ-பாஸுங்க, கொடைக்கானல் வர்றதுக்கு. பேரிஜத்துக்கு வேற பர்மிட்." உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் எடுக்கும் அதே இ-பாஸ்தான். அதற்குக் காசே கிடையாது!

பேரிஜத்துக்கு வனத்துறை ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்துத்தான் விடுகிறது, அதுவும் பகலில் மட்டும். பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் போகிற ஏரி அது. அதன் கரையில் கழிவுத் தொட்டியோடு ஒரு கேரவனை நிறுத்த யார் விடுவார்கள்?

ஏஜென்டுக்குப் போன் போட்டால், "வேற ஸ்பாட் இருக்கு சார், அனிமல் கியாரண்டி" என்றார். அந்த ஸ்பாட், ஒரு கேரட் தோட்டத்தை ஒட்டிய காலி மனை. விடிய விடிய ஜெனரேட்டர் சத்தம். முந்தைய குழு போன பிறகு கழிவறைத் தொட்டியைக் காலி செய்யவே இல்லை. அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம்.

கியாரண்டியின் லட்சணம் பொழுது சாயும்போது தெரிந்தது. வண்டியோடு வந்த பையன் ஒரு சாக்கைப் பிரித்து முட்டைக்கோஸ் இலையையும் கல்லுப்பையும் கேரவன் படியிலிருந்து பத்தடி தள்ளிக் கொட்டினான். கொஞ்ச நேரத்தில் ஒரு காட்டுமாட்டுக் காளை வந்து நின்றது. கன்னங்கரேல் உடம்பு, வெள்ளை சாக்ஸ் போட்டது மாதிரி கால்கள், புஸ் புஸ்ஸென்று மூச்சு. எங்கள் குழுவில் ஒரு குழந்தை படியில் இறங்கி பிஸ்கட்டை நீட்டியது. அதன் அம்மா சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்ததால் ஆயிற்று. பெரிய காளை ஆயிரம் கிலோ வரை வரும். கொடைக்கானலில் ஆட்களை முட்டிய சம்பவங்களும் உண்டு. இப்படித் தீனி போட்டுப் பழக்கிவிட்டுப் போவார்கள், அப்புறம் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள்தான் படவேண்டும்.

பணத்தைக் கேட்டால், "அனிமல் பார்த்தீங்கள்ல சார்?" என்கிறார். ரசீதில் 'வனத்துறை அனுமதி' என்று அவர் கைப்பட எழுதியிருப்பது வசதியாகப் போயிற்று. அதை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் ரசீதையும் அந்த கியூஆர் தாளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.