மாதச் சம்பளமா, வீட்டுத் தொழிலா: மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு பெறுவோருக்கு ஓர் ஒப்பீடு

இலங்கையின் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட மாதாந்தக் கொடுப்பனவு, வருமானம் குறைந்த குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது. ஆகவே, அதைப் பெற்றுக்கொண்டே உழைக்க விரும்பும் திருகோணமலைவாசி ஒருவர், புதிய வருமானம் அதைப் பாதிக்குமா என்று அஞ்சுவது இயல்பே.

பட்டினத்துக் கடையிலோ அலுவலகத்திலோ கிடைக்கும் சம்பளம் ஆவணத்தில் நிற்பதால், கொடுப்பனவுக்கான தகுதியை மீளாய்வு செய்யும்போது தெளிவாகத் தெரியும். ஆனால், சம்பளத்தின் 8 வீதத்துடன் தொழில்தருநரின் 12 வீதமும் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் சேர்கிறது. நிரந்தரமாக வேலை செய்ய இயலாத நிலை மருத்துவச் சான்றால் உறுதியானால், ஓய்வு வயதுக்கு முன்பே அதை மீளப் பெறலாம் என்பது, உடல்நிலை மாறக்கூடிய ஒருவருக்கு மிகப் பெரிய பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன். தவிரவும், தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கொடுப்பனவு முழுவதும் நின்றாலும், போக்குவரத்துச் செலவு மிகாதவரை, கையில் மிஞ்சுவது கூடுதலே.

வீட்டில் செய்யும் தையலும் சிற்றுண்டித் தயாரிப்பும் உடலுக்கேற்ற நேரத்தைத் தருகின்றன. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ நாள்தோறும் பேருந்தேற வேண்டியதில்லை. வருமானமோ சீரற்றது: நிலாவெளி, உப்புவெளி விடுதிகளை நம்பிய விற்பனை மே முதல் செப்டெம்பர் வரை உயர்ந்து, வடகீழ்ப் பருவமழையில் சரியும். நல்ல மாதம் ஒன்றை மட்டும் வைத்து வருமானம் கணிக்கப்படாதிருக்க, வரவையும் செலவையும் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும்.

நிரந்தர வேலை கிடைக்குமானால் சம்பளத்தையே நான் பரிந்துரைப்பேன். எனினும், நியமனத்தை ஏற்குமுன் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுப்பனவின் நிலையை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.