டெர்பியா, பிரீக்னஸா, பெல்மாண்ட்டா: எந்த கிளாஸைச் சேர்ப்பது?

அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தின் மும்முடி என்று சொல்லப்படும் மூன்று பந்தயங்களுக்கும் ஆண்டுதோறும் நினைவு கிளாஸ் வெளிவருகிறது. மே முதல் சனிக்கிழமை லூயிவில்லில் கென்டக்கி டெர்பி, அடுத்து பால்டிமோரில் பிரீக்னஸ், ஜூனில் நியூயார்க்கில் பெல்மாண்ட். புதிதாகச் சேர்க்க வருபவர் மூன்றையும் ஒன்றாகத் துரத்தினால் அலமாரியும் தாங்காது, பையும் தாங்காது. ஒன்றைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

மூத்தது டெர்பி. 1938-ல் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீருக்கு வைத்த கிளாஸ்களை, வந்தவர்கள் ஞாபகத்துக்காக வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இது நடக்கும் என்று தெரிந்ததும் அடுத்த ஆண்டே வண்ணம் சேர்த்து ஜூலெப் கிளாஸாக விற்றார்கள். ஜூலெப் என்பது போர்பன் விஸ்கி, சர்க்கரைப் பாகு, புதினா, நொறுக்கிய ஐஸ். 1940-ல் அலுமினியக் கோப்பை வந்தது. போர்க்காலத்தில் அதுவும் போய் பிளாஸ்டிக் ஆனது. முதல் இரண்டு ஆண்டுகளின் கிளாஸ்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலர். முழு வரிசை என்பது நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

அப்படியும் டெர்பி கிளாஸ் என்னை இழுக்கக் காரணம் அதன் பின்புறம். 1875-ல் வென்ற அரிஸ்டைடிஸ் தொடங்கி ஜெயித்த குதிரைகளின் பெயர்களை அங்கே வரிசையாக அச்சிடுகிறார்கள். பந்தயத்துக்கு முன்பே கிளாஸ் தயாராகிவிடுவதால் ஒரு வெற்றியாளரின் பெயர் மறு ஆண்டு கிளாஸில்தான் ஏறும். செக்ரடேரியட் 2 நிமிடத்துக்குள் ஓடி முடித்த 1973-ன் கிளாஸில் அவன் பெயர் இல்லை. 1974-ல் இருக்கிறது, அதுவும் 100-வது டெர்பியின் கிளாஸில். இந்தப் பட்டியலால்தான் சுவையான கோளாறுகளும் கிடைக்கின்றன. 1957-ல் மிஞ்சிய கிளாஸ்களில் அந்த ஆண்டு வென்ற அயர்ன் லீஜின் பெயரைச் சேர்த்து 1958-ல் விற்றுவிட்டார்கள். 2003 கிளாஸில் 1932-ன் பர்கூ கிங்கை மும்முடி வென்றவன் என்று குறித்துவிட்டார்கள். அவன் பெல்மாண்ட்டை வென்றதே இல்லை.

பிரீக்னஸ் கிளாஸ் 1973-ல்தான் தொடங்கியது. பொறுமை இருந்தால் முழு வரிசையைக் கட்டி முடிக்கலாம், தொடக்க ஆண்டுகள் மட்டும் கொஞ்சம் சோதிக்கும். செக்ரடேரியட் ஓடிய ஆண்டே முதல் கிளாஸ் என்பது அதன் அதிர்ஷ்டம். ஆனால் உள்ளே ஊற்றும் பிளாக்-ஐட் சூசன் என்ற பிரீக்னஸ் பானத்தின் செய்முறை ஸ்பான்ஸருக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஜூலெப்புக்கும் அதன் கிளாஸுக்கும் உள்ள ஒட்டுறவு இங்கே இல்லை.

பெல்மாண்ட் கிளாஸ் 1976-ல்தான் வந்தது. 1973-ல் செக்ரடேரியட் 31 குதிரை நீளத்தில் வென்ற அந்த பெல்மாண்ட் ஓட்டத்துக்கு கிளாஸே கிடையாது என்பது எனக்கு இன்றும் வருத்தம். மும்முடி முழுமையாவது இங்கேதான் என்பது இதன் பெருமை: 1977, 1978, 2015, 2018 என நான்கு கிளாஸ்களை வரிசையாக வைத்தால் சியாட்டில் ஸ்லூ, அஃபர்ம்ட், அமெரிக்கன் ஃபேரோ, ஜஸ்டிஃபை நால்வரும் கண்முன் நிற்பார்கள். பெல்மாண்ட் மைதானத்தைப் புதுப்பிப்பதால் 2024, 2025 பந்தயங்கள் அதே மாநிலத்தின் சரடோகா மைதானத்தில் நடந்தன. அந்த இரண்டு ஆண்டு கிளாஸ்களையும் விடாதீர்கள்.

எதை வாங்கினாலும் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் மெஷினில் போட்ட கிளாஸ் என்றால் தங்க அச்சு மங்கியிருக்கும், வேண்டாம்.

என் தேர்வு, 1974-லிருந்து டெர்பி கிளாஸ்கள், கூடவே 1973-ன் ஒரே ஒரு பிரீக்னஸ். 1974 கிளாஸ் கையில் கிடைத்தால் பின்புறம் திருப்பி 1971-க்கு நேராகப் பாருங்கள். அங்கே இருக்க வேண்டியது 'கானோனெரோ II'. அந்த II விடுபட்ட கிளாஸும் இருக்கிறது. கண்டால் கீழே வைத்துவிடாதீர்கள்.