தொழில் ஒன்று, நூல் வேறொன்று: அதிகம் பேசப்படாத ஐந்து தமிழ்ப் புத்தகங்கள்

தமிழில் நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் நாவலோ சிறுகதைத் தொகுப்போதான் பரிந்துரைக்கப்படுகிறது. இசை, பறவை, ஆவணப்படம், பாசனம், மறைந்த நூல்கள் என ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆழமாக எழுதப்பட்டவை புத்தகக் காட்சியில் பின்வரிசை அடுக்கில் ஒதுங்கிவிடுகின்றன; தேடி வருபவர் தவிர வேறு யாரும் அவற்றைத் தொடுவதில்லை. அப்படிப்பட்ட ஐந்து நூல்களை இங்கே பரிந்துரைக்கிறேன். இவற்றை எழுதியவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எவருக்கும் எழுதிய துறை பிழைப்பாக இருக்கவில்லை. ஒரு சந்தேகம் அரித்ததால் சொந்தப் பணத்தையும் ஓய்வு நேரத்தையும் செலவிட்டு அதன் பின்னே போனவர்கள் அவர்கள். இந்நூல்களின் பலம் அதுதான்; சில இடங்களில் பலவீனமும் அதுவே.

முதலில் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் இசை ஆராய்ச்சி நூல். இதை எழுதிய ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பாடம் நடத்தி, பிறகு சித்த மருத்துவத்துக்கு மாறித் தஞ்சாவூரில் மருந்து தயாரித்து விற்றவர். அந்த வருமானத்தைக் கொண்டே 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்து அடுத்தடுத்து மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் மகள்களையும் அழைத்துச் சென்று, சுருதி பற்றிய தம் கொள்கையை எடுத்துரைத்தார். நூல் 1917-இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துப் படிப்பது கடினம்; மேசை வேண்டும்.

இத்தனை பக்கங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு சட்ஜத்துக்கும் (ஸ) அடுத்த மேல் சட்ஜத்துக்கும் இடையில், சுருதிகள் எனப்படும் நுண்ணிய ஒலிப் படிகள் எத்தனை? பழைய வடமொழி இசைநூலாரான பரதர், சார்ங்கதேவர் வழியாக வந்த கணக்குப்படி 22. ஏழு சுரங்களுக்கு 4, 3, 2, 4, 4, 3, 2 என்று பங்கிட்டால் அந்தத் தொகை வரும். பண்டிதர் இதை ஏற்கவில்லை. சிலப்பதிகாரமும் அதன் உரையும் சொல்லும் வட்டப்பாலையில் (சுரங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் பழந்தமிழ் முறை) பன்னிரண்டு வீடுகள் இருப்பதையும், அவை ஒவ்வொன்றும் இரண்டாகப் பகுபடுவதையும் எடுத்துக்காட்டி, சம அளவுள்ள 24 சுருதிகளே சரியானவை என்று வாதிடுகிறார். வாதத்தை வாயால் மட்டும் சொல்லாமல், பக்கம் பக்கமாக அட்டவணை போட்டு, தசமப் புள்ளிக்குப் பின்னே பல இலக்கங்கள் வரை கணக்கிட்டுக் காட்டுகிறார். இன்று கையில் இருக்கும் கைப்பேசியிலேயே அந்தக் கணக்கின் சாரத்தைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்தாயியை 22 சம பங்காக்கினால் பஞ்சமம் (ப) சட்ஜத்திலிருந்து 13-ஆவது படியில் விழும். அதன் அதிர்வு விகிதம் ஏறத்தாழ 1.506. காது ஒப்புக்கொள்ளும் பஞ்சமம் 1.5. 24 பங்காக்கி 14-ஆவது படியை எடுத்தால் 1.498 வருகிறது. பிசகு குறைவு என்பது வெளிப்படை. மின்கணிப்பான் இல்லாத காலத்தில் ஒரு மருந்து வியாபாரி இதைத் தாளும் பேனாவும் கொண்டு செய்து முடித்தார் என்பதை நினைத்துக்கொண்டு அந்த அட்டவணைகளைப் புரட்டினால் அவற்றின் மீது தனி மரியாதை வருகிறது.

ஆயினும் அவருடைய முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பழைய நூலார் சொன்ன 22 சுருதிகள் சம அளவுடையவை என்று யார் சொன்னது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி வலுவானது. பண்டைத் தமிழர் கையாண்டது இன்றைய பியானோவின் சமப் பகுப்பையே என்பதற்குச் சிலப்பதிகார வரிகள் மட்டும் போதுமா என்பதும் சந்தேகந்தான். நூலின் தொடக்கப் பகுதியில் வரும் கடல்கொண்ட நாடு, இலெமூரியா பற்றிய ஆராய்ச்சி இன்றைய நிலவியலுக்கு முன் நிற்காது. புதிய வாசகர் அதைத் தாண்டிச் சுருதிக் கணக்குக்கும், மாநாடுகளில் நடந்த விவாதங்களுக்கும், தென்னிந்திய இசைவாணர் பட்டியலுக்கும் நேரே போய்விடலாம். அந்தப் பட்டியல் ஒன்றுக்காகவே இதை வைத்திருக்கும் இசை ஆய்வாளர்கள் உண்டு. நடை பழையது, வடசொல் மிகுந்தது. இரண்டு மூன்று நாள் பழகினால் பிடிபட்டுவிடும். இணைய நூலகங்களில் மின்வருடிய பக்கங்களாகக் கிடைப்பதால், வாங்குவதற்கு முன் நாலு பக்கம் படித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. இதில் ருசி கண்டவர்கள் அடுத்து, பழந்தமிழ் இசையை ஆராயும் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ பக்கம் போகலாம். மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான அடிகள் அறிவியல் படித்தவர். அதனால் அவர் கணக்கில் ஒழுங்கும் அடக்கமும் கூடுதல். ஆனால் பண்டிதரிடம் இருக்கும் சண்டைக் குணம் அங்கே கிடையாது. படிக்கும் சுவாரசியத்துக்கு என் ஓட்டு பண்டிதருக்கே.

அடுத்தது பி. எல். சாமி எழுதிய ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’. இவர் புதுச்சேரியில் ஆட்சிப் பணியில் உயர் அதிகாரியாக இருந்தவர். கோப்புகளுக்கு நடுவே சங்கப் பாடல்களில் வரும் பறவைகளையும் விலங்குகளையும் செடிகொடிகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் காணும் வேலையை எடுத்துக்கொண்டு, மூன்றுக்கும் தனித்தனி நூல் எழுதினார். ஒரு பறவையின் பெயர் எந்தெந்தப் பாட்டில் வருகிறதோ அத்தனையையும் திரட்டி, நிறம், அலகு, கூடு, குரல், இரை ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, பறவை நூலார் தரும் விவரங்களோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவது அவர் முறை. உரையாசிரியர் சொன்னார் என்பதற்காக எதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

அன்றில் என்றதும் பிரிந்தால் உயிர்விடும் கற்பனைப் பறவை என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சாமியோ அதை வயலிலும் குளக்கரையிலும் நாம் பார்க்கக்கூடிய அரிவாள்மூக்கன் இனத்தில் சேர்க்கிறார். குறுந்தொகை 160-ஆம் பாட்டில் ‘நெருப்பின் அன்ன செந்தலை அன்றில்’ என்றும், அதன் பெடைக்கு ‘இறவின் அன்ன கொடுவாய்’ என்றும் வருகிறது. உச்சந்தலையில் சிவப்புத் திட்டும், இறால்மீன் போலக் கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகும் உடைய கருப்பு அரிவாள்மூக்கனைப் பார்த்தவருக்கு இந்த வரி படம் பிடித்ததுபோல் இருக்கும். 301-ஆம் பாட்டில் பனைமடலில் சிறு குச்சிகளால் கட்டிய கூடு வருகிறது. அப்பறவை பனையில் கூடு கட்டுவதும் உண்மையே. ஆனால் அதே பாட்டு ‘கருங்கால் அன்றில்’ என்கிறது. கருப்பு அரிவாள்மூக்கனின் காலோ செம்மை படர்ந்தது. அப்படியானால் இரண்டு பாட்டிலும் வருவது ஒரே பறவைதானா, அல்லது கால் கருத்த வேறோர் அரிவாள்மூக்கனையும் அன்றில் என்றே அழைத்தார்களா? இவ்விரு பாட்டையும் அருகருகே வைத்து இப்படிக் கேட்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது இந்த நூல்தான். சில இனங்காணல்களை இன்றைய பறவை ஆர்வலர்கள் மறுக்கக்கூடும். மறுப்பதற்கு வேண்டிய சான்றுகளையும் அவரே திரட்டிக் கொடுத்திருக்கிறார் என்பதால் நூலின் பயன் அதனால் குறைவதில்லை. வண்ணப் படங்களுள்ள ஒரு பறவைக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது உத்தமம். இதை மட்டும் படித்தால் கண்முன் உருவம் எழுவது சிரமம்.

ஏ. கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ இவ்வரிசையில் மிக எளிதாகப் படிக்கக்கூடியது. பயண நூல்களால் அறியப்பட்ட செட்டியார், 1937-இல், இருபத்தைந்து வயதில், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுப்பது என்று முடிவு செய்தார். காந்தி அப்போது உயிரோடு இருந்தார். படம் எடுக்கப்படுவதில் அவருக்கு விருப்பமும் இல்லை. உலகெங்கும் பல படப்பிடிப்பாளர்கள் பல ஆண்டுகளாக எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடி இந்தியா, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று அலைந்து, தாமும் எடுத்துச் சேர்த்து, 1940-இல் தமிழில் வெளியிட்டார். அந்த அலைச்சலின் கதையைப் பிற்காலத்தில் தம் ‘குமரிமலர்’ இதழில் எழுதினார், அதை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்திருக்கிறார்.

செட்டியாரின் நடையில் தன்னைப் பற்றிய பெருமிதம் ஒரு சொட்டும் கிடையாது. வாக்கியங்கள் குட்டையானவை. யாரைப் பார்த்தார், என்ன கேட்டார், என்ன கிடைத்தது, எவ்வளவு செலவாயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சாதாரணமாக நான் இப்படிப்பட்ட வறண்ட நடையை விரும்புபவன் அல்லன். இங்கே அது பொருந்துகிறது, ஏனெனில் நடந்த சங்கதியே போதுமான அளவு வியப்பானது. ஆவணப்படம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இதை முதலில் கொடுப்பேன். அனுமதி வாங்குவது, பணம் புரட்டுவது, கிடைத்த படச்சுருளைக் காப்பாற்றுவது ஆகியவற்றில் அன்றைய தொல்லைக்கும் இன்றைய தொல்லைக்கும் வித்தியாசம் அவ்வளவு இல்லை.

தொழிலும் நூலும் ஒன்றாக இருப்பவர் என்று முன்பு சொன்ன அந்த ஒருவர் பழ. கோமதிநாயகம். தமிழகப் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்த அவர் எழுதிய ‘தமிழகப் பாசன வரலாறு’ அளவில் சிறியது. ஏரி, குளம், கால்வாய் பற்றிப் பேசும் பெரும்பாலான நூல்கள் முன்னோர் பெருமையில் தொடங்கிப் புலம்பலில் முடியும். பொறியாளர் கையில் அதே பொருள் வேறு விதமாக வருகிறது: நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, அதை யார் பராமரித்தார்கள், அந்தப் பொறுப்பு எப்போது கைமாறியது என்று காரணகாரியமாக நகர்கிறது. மதகு (நீரைத் திறந்துவிடும் வாயில்), கலிங்கு (மிகைநீர் வழியும் இடம்), குடிமராமத்து (ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்பு) என்ற பெயர்களைச் செய்தித்தாளில் மட்டும் பார்த்துவந்த நகரவாசிக்கு இது நல்ல தொடக்கம். தாமிரபரணிக் கரைக்காரர்கள் கூடுதலாக அனுபவிப்பார்கள்; கன்னடியன் கால்வாயையும் மருதூர் அணையையும் தினம் பார்த்துக்கொண்டே அவற்றின் வரலாறு அறியாதவர்கள் அங்கே ஏராளம். எனக்கு ஒரு குறை: இன்னும் நிறைய வரைபடம் வேண்டும். பாசனத்தைச் சொல்லால் மட்டும் விளக்குவது எழுதுபவருக்கும் பாரம், படிப்பவருக்கும் பாரம்.

கடைசியாக, மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்து போன தமிழ் நூல்கள்’. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர், ஓவியமும் பயின்றவர். சமணம், பௌத்தம், கிறித்தவம் ஆகியவை தமிழுக்குச் செய்தவற்றைப் பற்றிய அவர் நூல்கள் ஓரளவு அறியப்பட்டவை. இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெயர் மட்டும் தெரிந்து, ஏடு கிடைக்காமற் போன நூல்களின் பட்டியல் இது. யாப்பருங்கல விருத்தியுரை, தொல்காப்பிய உரைகள், அடியார்க்கு நல்லாரின் சிலப்பதிகார உரை, பழைய தொகை நூலான புறத்திரட்டு போன்றவற்றில் மேற்கோளாகத் தப்பிப் பிழைத்த செய்யுள்களைப் பொறுக்கியெடுத்து, அந்தந்த நூலின் பெயருக்குக் கீழே வைத்திருக்கிறார். தகடூர்ப் போரைப் பாடும் தகடூர் யாத்திரையின் பாட்டுகளை ஒரே இடத்தில் படிக்கும்போது, முழு நூலும் இருந்திருந்தால் புறநானூற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசியிருப்போம் என்று தோன்றுகிறது. ஒரே மூச்சில் படிக்கும் நூல் அன்று இது. இரவில் இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டால் நெடுநாள் வரும்.

அப்படிப் படிக்கும்போது, இசைத்தமிழ் நூல்களின் வரிசையில் பஞ்சமரபின் பெயரும் வரும். அந்த நூலின் சுவடி பின்னர் கிடைத்து, 1973-இல் அச்சாகிவிட்டது. வேறு சில பெயர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கலாம் என்பதால், இப்பட்டியலை நம்பி எதையும் இல்லை என்று அறுதியிட்டுச் சொல்வதற்கு முன் இன்றைய நூலக அட்டவணைகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வேங்கடசாமியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், அச்சிலும் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. பி. எல். சாமியின் நூல்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்: திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளிலும் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் கேட்டு வைத்தால், எப்போதாவது ஒரு பிரதி வரும். அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கிவிடுங்கள்; உள்ளே பக்கம் குறையவில்லையா என்று மட்டும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.