குழியா, உலையா, வாளியா? கொழும்பின் மிச்சச் சோற்றுக்கு எது நல்ல வழி

நேற்றுக் காலை எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குப்பை வாளியைக் கிளறிப் பார்த்தேன். மிஞ்சிய புட்டு, பால் பிழிந்த தேங்காய்ப்பூ, மீன் செதிள், வாழைப்பழத் தோல், காய்ந்த பாண் துண்டு. இத்தனையையும் ஒரு சொப்பிங் பையில் கட்டி லொறிக்குக் கொடுத்தால் நம் வேலை முடிந்தது. சூழலின் கணக்கு அப்புறம்தான் தொடங்குகிறது. இலங்கை வீடுகளில் ஆளுக்கு வருடம் 76 கிலோ உணவு வீணாகிறது என்பது 2021இல் ஐ.நா. சூழல் திட்டம் வெளியிட்ட மதிப்பீடு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 300 கிலோ.

மோசமான வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்: கொட்டுவதும் புதைப்பதும். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மேட்டைப் பிளாஸ்டிக் மலை என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் கொழும்புக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் ஈரக் கழிவு. அது காற்றுப் படாமல் அடியில் அழுகும்போது மீதேன் வருகிறது. 20 வருடக் கணக்கில் மீதேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு சூடேற்றும். 100 வருடக் கணக்கிலும் 27 மடங்கு. அடியில் வடியும் கறுப்பு நீர் நிலத்தடி நீரைக் கெடுப்பது தனிக் கதை.

அப்படியானால் முறையாக விரிப்புப் போட்டு, வாயு பிடிக்கும் குழாய் வைத்த குழி பரவாயில்லையா? கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். சோறும் மரக்கறியும் சீக்கிரம் அழுகிவிடும். குழாய் பதிக்கும் முன்பே வாயுவில் பெரும்பகுதி தப்பிவிடும். அமெரிக்கக் குப்பைக் குழிகளிலிருந்து கசியும் மீதேனில் 58 சதவீதம் உணவுக் கழிவால் வருவது என்று அந்நாட்டுச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2023இல் கணக்கிட்டது. நமக்கென்று இருக்கும் அப்படிப்பட்ட குழி, புத்தளம் அருவக்காட்டில், பழைய சுண்ணக்கல் அகழ்விடத்தில். கொழும்பு வீட்டில் மிஞ்சிய புட்டை 170 கிலோமீட்டர் கொண்டுபோய்ப் புதைக்கும் திட்டம் அது. புத்தளம் மக்கள் தெருவில் இறங்கியதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

அடுத்தது உலை. முத்துராஜவெல சதுப்பு நிலத்தை ஒட்டி, கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் 10 மெகாவாட் ஆலை 2021 முதல் ஓடுகிறது. குப்பைமேட்டோடு ஒப்பிட்டால் இது நிச்சயம் முன்னேற்றம். மீதேன் இல்லை, மேடு இல்லை, நுரைச்சோலை மின் நிலையத்தில் கொஞ்சம் நிலக்கரி மிச்சம். ஆனால் உணவுக் கழிவுக்கு மட்டும் என்று பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கிலோ மிச்சச் சோற்றிலும் கறியிலும் முக்கால் கிலோ தண்ணீர்தான். அந்த நீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். எரிக்குமுன் குப்பையைச் சில நாள் கிடங்கில் போட்டு நீர் வடிய விடுவது இத்தகைய ஆலைகளின் வழமை. அதற்கும் காரணம் நம் புட்டும் சொதியும்தான். பிளாஸ்டிக் நன்றாக எரியும், ஆனால் அது எண்ணெயிலிருந்து வந்த பொருள், அதை எரிப்பது எண்ணெயை எரிப்பது போலத்தான். சோற்றிலிருந்த நைதரசன் புகையோடு போக, பொசுபரசு மற்றச் சாம்பலோடு கலந்து வயலுக்கு உதவாமல் போகிறது.

பன்றிக்குக் கொடுப்பது பழைய வழி. நீர்கொழும்பு, ஜா-எல பக்கத்துப் பண்ணைக்காரர் ஹோட்டல் மிச்சத்தை வாங்கிப் போவார்கள். நான் பன்றி சாப்பிடுவதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கழிவு மறுபடி உணவாகிறது, சூழல் கணக்கில் இது உயர்ந்த இடம். ஒரு சிக்கல், கொதிக்க வைக்காத எச்சில் சாப்பாடு நோய் பரப்பும். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இங்கே வந்தபிறகு அந்த வழி இன்னும் குறுகிவிட்டது.

சாண எரிவாயு போலவே உணவுக் கழிவிலும் எரிவாயு எடுக்கலாம். அழுகும்போது வரும் அதே மீதேனைத் தொட்டிக்குள் பிடித்து அடுப்பில் எரிப்பது. 100 கிலோ கழிவில் சுமார் 10 கன மீட்டர் வாயு வரும்; அது நாலரை கிலோ சமையல் கேஸுக்குச் சமம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 270, 280 கிலோ கழிவு வேண்டும். அதாவது என் வீட்டு ஒரு வருட மிச்சம் ஒரு சிலிண்டர். 2022 கேஸ் வரிசையில் நின்ற எனக்கு இது கேட்கவே இனிக்கிறது. ஆனால் தொட்டியில் கசிவு இருந்தால் பிடித்த பலன் காற்றோடு போகும். தினமும் கவனிக்க ஒரு ஆள் வேண்டும். எனவே இது தொடர்மாடிக்குச் சரிவராது. பேலியகொட மெனிங் சந்தை, பெரிய ஹோட்டல், விடுதிச் சமையலறை, இங்கேதான் இது சிறக்கும். அங்கே கழிவு ஒரே இடத்தில், ஒரே மாதிரிச் சேரும்.

மிஞ்சுவது கொம்போஸ்ட். நல்ல காற்றோட்டத்தோடு உக்கினால் மீதேன் மிகக் குறைவு. பசளை மண்ணுக்குத் திரும்பும். ஆனால் காற்றுப் படாமல் நசநசவென்று கிடந்தால் அது வாளிக்குள் ஒரு சின்ன மீதொட்டமுல்ல. ஈரச் சோற்றோடு அதே அளவு காய்ந்த இலை, தும்புத்தூள் போட்டுக் கிளற வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் நாற்றம் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எங்கள் தொடர்மாடியிலேயே இரண்டு பீப்பா அப்படித்தான் போனது: பொலித்தீனோடு சேர்த்துக் கொட்டினார்கள், புழு நெளிந்தது, நிர்வாகம் ஒரே வாரத்தில் தூக்கிவிட்டது. இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது கொம்போஸ்டால் நெல் விளைவித்துவிடலாம் என்று பேசினார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். கொம்போஸ்டில் ஒன்றிரண்டு சதவீதம். மண்ணைத் திருத்தும், யூரியாவின் இடத்தை நிரப்பாது.

ஆகவே என் வரிசை: சந்தைக்கும் ஹோட்டலுக்கும் எரிவாயுத் தொட்டி, வீட்டுக்குக் கொம்போஸ்ட், பிரிக்கவே முடியாத கலப்புக் குப்பைக்கு கெரவலப்பிட்டி, குழி கடைசி. எதிலும் ஈரம் தனியாகப் பிரிந்திருந்தால் மட்டுமே பலன். 2016 நவம்பரில் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள், எங்கள் வீதியில் அது இன்னும் பாதி வழியில் நிற்கிறது. இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது வேறு ஒரு கணக்கு. ஒரு கிலோ அரிசி விளைந்து கடைக்கு வருவதற்குள் உலகச் சராசரியாக நாலு கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வாயு வெளியேறிவிடுகிறது, நெல் வயலே மீதேன் விடுவதால். மிச்சத்தை எப்படி உக்க வைத்தாலும் அந்த நாலு கிலோ திரும்பி வராது. இப்போது ராத்திரிக்கு அரைச் சுண்டு அரிசி குறைத்துப் போடுகிறோம்.

எங்கள் வீட்டுக் கொம்போஸ்ட் வாளியைப் பல்கனிக்கு மாற்றி மூன்று மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்த்து, "தம்பி, உந்த வாளிக்குள்ள புழு வராதோ?" என்று கேட்டார். "ஒருக்கா வந்தது அன்ரி, தும்புத்தூள் போதாமல் போச்சு" என்றேன். மறுநாள் தன் வீட்டு வாழைத்தோலைத் தனியாகக் கட்டிக் கொண்டுவந்து கதவைத் தட்டினார்.